வரிசை மாறினால் வாசல் திறந்துவிடும்



எங்கள் கலந்துரையாடலில் வழக்கமாக என்னென்ன பேசுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பராமரிப்பு, வேலை மாற்றம், வீட்டில் தமிழ்ப் புழக்கம். இந்த முறை கணினி நிரல் எழுதுவதைப் பற்றி ஓர் அங்கம் செய்யலாம் என்று நான் சொன்னபோது, "இதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" என்றுதான் குழுவில் முதலில் கேட்டார்கள். நடந்த சம்பவத்தைச் சொன்ன பிறகு அந்தக் கேள்வியை யாரும் மறுபடி கேட்கவில்லை. அதையே உங்களுக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் நான் ஒரு சிறிய துணைப்பாடக் குழுவில் தொண்டூழியம் செய்கிறேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சுமார் 40 பேர் வருகிறார்கள். பதிவேடு எல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. குழுவில் இருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர், "அக்கா, இதற்கு நானே ஓர் இணையப் பக்கம் செய்து தருகிறேன்" என்றார். சொன்னபடி இரண்டே வாரத்தில் செய்தும் தந்தார். பிள்ளையின் பெயர், பெற்றோரின் கைத்தொலைபேசி எண், வீட்டு முகவரி, எந்தக் குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை என்ற விவரம், எல்லாம் அதில் இருந்தன. மறைச்சொல் கொடுத்தால்தான் பக்கம் திறக்கும் என்றார். எங்களுக்கு மகிழ்ச்சி.

19 நாள் கழித்து ஒரு தாயார் என்னை அழைத்தார். யாரோ அனுப்பிய இணைப்பைத் தம் கைத்தொலைபேசியில் தட்டியிருக்கிறார். மறைச்சொல் எதுவும் கேட்கவில்லை. நேரே பட்டியல் வந்துவிட்டது. அதில், கட்டணச் சலுகை என்ற கட்டத்துக்கு நேரே அவருடைய பெயர். அவர் கோபப்படவில்லை. "மிஸ், இதை வேற யார் யார் பார்த்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலையே தம்பி பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரே ஒரு வரி. அந்த வரியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள். அவற்றில் எது முதலில் வரவேண்டும் என்பது மாறிப்போயிருந்தது. அவ்வளவுதான். "கணினி ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா! தப்புன்னு காட்டியிருந்தா அப்பவே பார்த்திருப்பேனே" என்று புலம்பினார். இனி நிரலே எழுதப் போவதில்லை என்றும் சொன்னார்.

நான் படித்தது தகவல் தொடர்புத் துறைப் பட்டயப் படிப்பு. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இரண்டு பெயர்களின் வரிசை எப்படி ஒரு கதவைத் திறந்துவிடும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர் ஒருவரையும், 20 ஆண்டுகளாக மென்பொருள் எழுதிவரும் பொறியாளர் ஒருவரையும் கலந்துரையாடலுக்கு அழைத்தோம். அவர்களிடம் நான் கற்றுக்கொண்டதை என் மொழியில் இங்கே தருகிறேன்.

கிளாஸ் என்பது அச்சு

முதலில் அடிப்படை. இன்றைய நிரல்களில் பெரும்பாலானவை 'கிளாஸ்' என்ற அலகைக் கொண்டு கட்டப்படுகின்றன. நம் வீட்டு முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு ஒன்றுதான். அதில் பிழிந்து வரும் முறுக்குகள் பல. கிளாஸ் என்பது அச்சு, அதிலிருந்து வருபவை 'ஆப்ஜெக்ட்'கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் சில வேலைகள் தெரியும். அந்த வேலைகளுக்கு 'மெத்தட்' என்று பெயர்.

புதிய அச்சு ஒன்று வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள கிளாஸைப் பெற்றோராகக் காட்டி, "அதற்குத் தெரிந்ததெல்லாம் இதற்கும் தெரியும், கூடுதலாக இதையும் செய்யும்" என்று எழுதிவிடலாம். இதுதான் மரபுரிமை. நார்வே தலைநகர் ஓஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் 1960களில் உருவாக்கிய 'சிமுலா' என்ற மொழியில் இந்தக் கருத்து முதன்முதலாக வந்தது. இதற்காக அவர்களுக்கு 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

சிமுலாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு பெற்றோர்தான். பிள்ளைக்கு ஒரு வேலை தெரியவில்லை என்றால் பெற்றோரிடம் கேட்கும். பெற்றோருக்கும் தெரியாவிட்டால் பாட்டனிடம் போகும். ஒற்றையடிப் பாதை என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

இரண்டு பெற்றோர் வந்தபோது

ஆனால் வாழ்க்கை ஒற்றையடிப் பாதையாக இருப்பதில்லையே! எங்கள் தம்பியின் இணையப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அது பட்டியலைக் காட்டவும் வேண்டும், வருபவரிடம் மறைச்சொல்லைக் கேட்கவும் வேண்டும். பட்டியல் காட்டும் கிளாஸ் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மறைச்சொல் கேட்கும் கிளாஸ் இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் பெற்றோராக வைத்துக்கொண்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். இதற்குப் பன்முக மரபுரிமை என்று பெயர்.

இப்படிக் கலந்துகொள்வதற்கென்றே எழுதப்படும் சின்னக் கிளாஸ்களை நிரலாளர்கள் 'மிக்ஸின்' என்பார்கள். அந்தப் பெயர் வந்த கதையை விரிவுரையாளர் சொன்னபோது அரங்கில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சோமர்வில் என்ற ஊரில், ஸ்டீவ்ஸ் என்றோர் ஐஸ்கிரீம் கடை 1973ல் தொடங்கியது. அங்கே சாதாரண ஐஸ்கிரீமில் நீங்கள் கேட்கும் மிட்டாய், பருப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் கண்ணெதிரே கலந்து கொடுப்பார்கள். பக்கத்தில் இருந்த எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர்கள் அப்போது பன்முக மரபுரிமைக்கு இடம் தரும் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு 'ஃபிளேவர்ஸ்', அதாவது சுவைகள், என்றே பெயர் வைத்தார்கள். அதில் கலக்கும் துணைப்பொருள் மிக்ஸின். நம் ஊர் ஐஸ் கச்சாங்கைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸோடு சிவப்பு அவரை, ஜெல்லி, சோளம்.

ஐஸ் கச்சாங்கில் எதை முதலில் போட்டாலும் சுவை பெரிதாக மாறாது. நிரலில் அப்படி இல்லை. இரண்டு பெற்றோருக்கும் ஒரே பெயரில் ஒரு வேலை தெரிந்திருந்தால் யார் சொல்வதைக் கேட்பது? இந்தக் கேள்விக்கான விடைதான் 'மெத்தட் தேடும் வரிசை'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து எம்.ஆர்.ஓ. என்பார்கள்.

கொள்ளுப்பாட்டியின் மீன்கறி

நம் குடும்பங்களிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணந்துகொண்ட குடும்பங்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா வழியில் போனாலும் அம்மா வழியில் போனாலும் மேலே ஒரே கொள்ளுப்பாட்டிதான். வரைபடமாகப் போட்டால் அடியில் ஒரு புள்ளி, நடுவில் இரண்டு கிளை, மேலே மறுபடி ஒரு புள்ளி. வைரக்கல் வடிவம். நிரலாளர்களும் இதை 'வைரச் சிக்கல்' என்றே சொல்கிறார்கள்.

கொள்ளுப்பாட்டியிடம் ஒரு மீன்கறிப் பக்குவம் இருந்தது. அப்பா வீட்டில் அதைப் பற்றி யாரும் புதிதாக எதுவும் எழுதி வைக்கவில்லை. அம்மா அந்தப் பக்குவத்தைத் திருத்தி, புளியைக் குறைத்து, புதிதாக எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை மீன்கறி சமைக்கப் போகிறான். அப்பாவை முதலில் கேட்பது அந்த வீட்டு வழக்கம்.

பழைய முறைப்படி அவன் அப்பாவிடம் கேட்பான். அப்பாவுக்குத் தெரியாது. உடனே அப்பா வழியிலேயே மேலே ஏறி, கொள்ளுப்பாட்டியிடம் போய், பழைய பக்குவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். பக்கத்து அறையில் திருத்திய பக்குவத்தோடு இருக்கும் அம்மாவை அவன் கேட்கவே மாட்டான். அம்மா செய்த திருத்தம் வீணாகிவிடும்.

'பைத்தான்' என்ற நிரல்மொழியில் ஆரம்பத்தில் இருந்தது இந்த முறைதான். பைத்தானை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991ல் வெளியிட்டார். இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பிள்ளைகள் பெரும்பாலும் கற்பது அதைத்தான். அப்போது வைர வடிவம் அரிதாகவே வந்ததால் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. 2001 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பு நிலைமையை மாற்றியது. அதில் அறிமுகமான புதிய வகைக் கிளாஸ்கள் எல்லாவற்றுக்கும் 'ஆப்ஜெக்ட்' என்ற பெயரில் ஒரே மூதாதை வைக்கப்பட்டது. எல்லாருக்கும் ஒரே கொள்ளுப்பாட்டி என்றால், இரண்டு பெற்றோர் வைத்த ஒவ்வொரு கிளாஸிலும் வைரம் வந்துவிடும் அல்லவா? எனவே தேடும் முறையையும் மாற்றினார்கள். சாதாரண வைரங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சிக்கலான குடும்பங்களில் தடுமாறியது. அந்தக் குறையை 2002 அக்டோபரில் சாமுவேலே பெட்ரோனி என்ற நிரலாளர் எடுத்துக்காட்டினார். அவர் கையோடு தீர்வையும் காட்டினார். அதன் பெயர் 'சி3'.

சி3 கேட்கும் மூன்று நியாயங்கள்

சி3 பைத்தானுக்காகப் பிறந்ததல்ல. ஆப்பிள் நிறுவனத்தில் தொடங்கிய 'டிலன்' என்ற மொழிக்காக ஆறு ஆய்வாளர்கள் எழுதி, 1996ல் ஒரு மாநாட்டில் படைத்த கட்டுரையில் அது வந்தது. 2003 ஜூலையில் வெளிவந்த பைத்தான் 2.3 அதை எடுத்துக்கொண்டது. இன்றும் பைத்தானில் அதுவே நடப்பில் இருக்கிறது.

அது கேட்பவை மூன்று நியாயங்கள். பிள்ளை எப்போதும் பெற்றோருக்கு முன்னால் கேட்கப்பட வேண்டும். நிரலாளர் அடைப்புக்குறிக்குள் எந்த வரிசையில் பெற்றோர் பெயர்களை எழுதினாரோ அந்த வரிசை காக்கப்பட வேண்டும். பெற்றோர் தங்களுக்குள் ஏற்கெனவே வைத்திருந்த வரிசை பிள்ளையின் வீட்டில் தலைகீழாகிவிடக் கூடாது.

மீன்கறிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கொள்ளுப்பாட்டிக்கு முன்னால் அவருடைய வழித்தோன்றல்கள் எல்லாரும் கேட்கப்பட வேண்டும். எனவே பிள்ளை, அப்பா, அம்மா, அதன் பிறகே கொள்ளுப்பாட்டி. அம்மாவின் திருத்தம் பிழைத்துக்கொண்டது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்பட்டால் என்ன ஆகும்? பொறியாளர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "கல்யாணப் பத்திரிகையில் இந்தப் பெரியவர் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று பெண் வீட்டாரும், இல்லை, அந்தப் பெரியவர் பெயர்தான் என்று மாப்பிள்ளை வீட்டாரும் நின்றால் பத்திரிகை அச்சுக்குப் போகாது. சி3யும் அப்படித்தான். நியாயமான வரிசை அமையவில்லை என்றால் அது ஊகம் செய்யாது. கிளாஸையே உருவாக்காமல் பிழை காட்டி நிறுத்திவிடும்." உதாரணமாக, பெற்றோரையும் அதன் பிள்ளையையும் சேர்த்து எழுதி, பெற்றோரை முதலில் வைத்தால் உடனே பிழை வரும்.

90 காசு எங்கே போனது?

இனி கொஞ்சம் கணக்கு. கடைக்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கலாம்.

ஒரு கடையின் நிரலில் 'பில்' என்று ஒரு கிளாஸ். அதற்கு 'மொத்தம்' என்று ஒரு வேலை தெரியும். வாங்கிய பொருளின் விலை 100 வெள்ளி என்றால் 100 என்று சொல்லும். பில்லுக்கு இரண்டு பிள்ளைகள். 'கழிவு' என்ற பிள்ளை, தனக்கு அடுத்து இருப்பவரிடம் மொத்தத்தைக் கேட்டு வாங்கி, கடைக்காரர் தரும் விலைக்கழிவான 10 வெள்ளியைக் குறைத்துச் சொல்லும். 'வரி' என்ற பிள்ளையும் அடுத்தவரிடம் மொத்தத்தைக் கேட்டு வாங்கும். பொருள் சேவை வரியைச் சேர்த்துச் சொல்லும். சிங்கப்பூரில் 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. இந்த இருவரையும் பெற்றோராகக் கொண்டு 'ரசீது' என்ற கிளாஸை எழுதுகிறோம். (பெயர்களைத் தமிழிலேயே எழுதவும் முடியும். 2008ல் வந்த பைத்தான் 3 அதற்கு இடம் தருகிறது.)

முதலில் வரி, அடுத்து கழிவு என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் தேடும் வரிசை இப்படி அமையும்: ரசீது, வரி, கழிவு, பில். வரி தனக்கு அடுத்துள்ள கழிவிடம் கேட்கும். கழிவு பில்லிடம் கேட்கும். பில் 100 என்று சொல்ல, கழிவு 90 ஆக்கித் தர, வரி அதன்மேல் 9 விழுக்காடு போட்டு 98 வெள்ளி 10 காசு என்று சொல்லும்.

பெயர்களை மாற்றி எழுதினால்? வரிசை ரசீது, கழிவு, வரி, பில் என்று ஆகும். பில் 100 என்று சொல்லும். வரி அதை 109 ஆக்கும். கழிவு 10ஐக் குறைத்து 99 வெள்ளி என்று சொல்லும். வித்தியாசம் 90 காசு. கடைக்காரர் தரும் கழிவு போக மிஞ்சும் தொகைக்கே வரி போட வேண்டும் என்பதால் முதல் விடைதான் சரி. இரண்டாவது முறையில் வாடிக்கையாளர் ஒவ்வொரு ரசீதிலும் 90 காசு கூடுதலாகக் கொடுப்பார். நாளொன்றுக்கு 200 ரசீது போடும் கடையில் அது 180 வெள்ளி.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது என்று விரிவுரையாளர் எச்சரித்தார். கழிவு 10 வெள்ளி என்றில்லாமல் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் எந்த வரிசையில் போட்டாலும் 98 வெள்ளி 10 காசுதான் வரும். பெருக்கலில் வரிசை முக்கியமில்லை அல்லவா? நிரலாளர் விழுக்காட்டுக் கழிவை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். பண்டிகைக் காலத்தில் 10 வெள்ளிக் கழிவு கொடுக்கும் நாளில்தான் பிழை வெளியே வரும்.

'சூப்பர்' என்றால் பெற்றோர் அல்ல

அடுத்தவரிடம் கேட்பதற்குப் பைத்தானில் 'சூப்பர்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். "என் மாணவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்" என்றார் விரிவுரையாளர். சூப்பர் என்றால் 'என் பெற்றோர்' என்று நினைத்துவிடுகிறார்கள். மேலே பார்த்த கணக்கையே கவனியுங்கள். வரியின் பெற்றோர் பில். ஆனால் ரசீதில் வரி கேட்டது பில்லிடம் அல்ல, கழிவிடம். கழிவு என்றொரு கிளாஸ் உலகத்தில் இருக்கிறது என்பதுகூட வரியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆக, சூப்பர் என்றால் 'வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவர்' என்று பொருள். உணவங்காடி நிலையத்தில் வரிசை பிடிக்கும்போது உங்களுக்குப் பின்னால் யார் நிற்பார் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. இன்று ஒருவர், நாளை வேறொருவர். அந்த வரிசையைப் பெற்றோர் கிளாஸ் தீர்மானிப்பதில்லை. அடியில் இருக்கும் பிள்ளைக் கிளாஸ்தான் தீர்மானிக்கிறது.

இந்தச் சங்கிலி முழுமையாக ஓட வேண்டும் என்றால், நடுவில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். ஒருவர் கூப்பிடாமல் விட்டாலும் அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லாரும் பேச்சு மூச்சில்லாமல் போய்விடுவார்கள். பிழை எதுவும் காட்டாது.

கதவு திறந்தது எப்படி?

இப்போது எங்கள் தம்பியின் பக்கத்துக்கு வருவோம். அவர் பயன்படுத்தியது 'ஜாங்கோ' என்ற இணையக் கட்டமைப்பு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் 2003ல் எழுதத் தொடங்கி, 2005ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது அது. பத்திரிகை படிக்கும் நமக்கு ஒருவகையில் உறவு என்று சொல்லலாம்!

ஜாங்கோவில் பக்கத்தைக் காட்டும் கிளாஸுக்கு 'வியூ' என்று பெயர். உள்ளே வருபவர் நுழைவு செய்திருக்கிறாரா என்று பார்க்கும் மிக்ஸின் ஒன்றும் உண்டு. 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பிலிருந்து அது ஜாங்கோவோடு கூடவே வருகிறது. கோரிக்கை வந்தவுடன் முதலில் ஓட வேண்டிய வேலை ஒன்று இருவரிடமும் ஒரே பெயரில் இருக்கிறது. மிக்ஸினின் வேலை, "நுழைவு செய்தவரா?" என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் அடுத்தவரைக் கூப்பிடுவது. வியூவின் வேலை, பக்கத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடுவது. வியூ யாரையும் கூப்பிடாது. அதோடு கதை முடிந்தது.

மிக்ஸினை இடப்பக்கம் முதலில் எழுதினால் காவலாளி வாசலில் நிற்கிறார். வியூவை முதலில் எழுதினால்? பக்கம் முதலிலேயே தயாராகி வெளியே போய்விடுகிறது. காவலாளி வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் தூங்கவுமில்லை, தவறு செய்யவுமில்லை. அவருக்கு முறையே வரவில்லை. மிக்ஸினை இடக்கோடியில் வைக்க வேண்டும் என்று ஜாங்கோவின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. தம்பி அந்த வரியைப் படிக்கவில்லை.

அரங்கில் இருந்த பெரியவர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். "சி3தான் முரண்பாடு வந்தால் நிறுத்திவிடும் என்றீர்களே, இங்கே ஏன் நிறுத்தவில்லை?"

பொறியாளர் சொன்னார்: "ஐயா, இங்கே முரண்பாடே இல்லை. வியூவுக்கும் மிக்ஸினுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எந்த வரிசையில் வைத்தாலும் மூன்று நியாயங்களும் சரியாகவே இருக்கும். நீங்கள் எழுதியதற்குள் முரண் இருக்கிறதா என்பதைத்தான் சி3 பார்க்கும். நீங்கள் நினைத்ததைத்தான் எழுதினீர்களா என்பது அதற்குத் தெரியாது."

மேடையில் இருந்த தம்பி அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதிலும் அதுதானே.

மற்ற மொழிகள் என்ன செய்தன?

இந்தச் சிக்கலை எல்லா மொழிகளும் ஒரே மாதிரி தீர்க்கவில்லை. பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் உருவாக்கிய சி பிளஸ் பிளஸ் மொழியில் பன்முக மரபுரிமை 1989ல் வந்தது. இரு பெற்றோரிடமும் ஒரே பெயரில் வேலை இருந்தால் அது தானாகத் தேர்ந்தெடுக்காது. "எவருடையது என்று நீயே சொல்" என்று கேட்டு நின்றுவிடும். பொது மூதாதை இருந்தால், சிறப்புச் சொல் போட்டு எழுதாதவரை பிள்ளைக்குள் அந்த மூதாதையின் இரண்டு பிரதிகள் வந்துவிடும். ஒரே கொள்ளுப்பாட்டி வீட்டில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல!

1995ல் வந்த ஜாவா மொழி, இந்த வம்பே வேண்டாம் என்று ஒரு கிளாஸுக்கு ஒரே பெற்றோர்தான் என்று முடிவு செய்தது. 'இன்டர்ஃபேஸ்' என்ற வாக்குறுதிப் பட்டியல்களை மட்டும் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கலாம். வாக்குறுதியில் செய்முறை இல்லை என்பதால் மோதலும் இல்லை. ஆனால் 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8, அந்தப் பட்டியல்களுக்குள்ளும் செய்முறை எழுத இடம் கொடுத்தது. பழைய கேள்வி திரும்பி வந்தது. தொடர்பில்லாத இரண்டு பட்டியல்கள் மோதினால் நிரலாளரே முடிவு சொல்லியாக வேண்டும் என்று ஜாவா கேட்கிறது.

எது சிறந்தது என்று நான் கேட்டேன். இரண்டு விருந்தினருக்கும் ஒரே கருத்து இல்லை. கேட்டு நிறுத்தும் மொழி பாதுகாப்பானது என்றார் பொறியாளர். தானே வரிசைப்படுத்தும் மொழியில்தான் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிய வேலையைச் சுலபமாகச் செய்ய முடிகிறது என்றார் விரிவுரையாளர். வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் எழுதக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

நம் பிள்ளைகள் செய்ய வேண்டியது

நிரல் கற்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் இந்தப் பகுதியை வெட்டிக் கொடுங்கள்.

முதலாவது, ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். பைத்தானில் எந்தக் கிளாஸிடமும் அதன் எம்.ஆர்.ஓ. என்ன என்று கேட்கலாம். ஒரே வரிதான். வரிசை முழுவதையும் அது பெயர் பெயராகக் காட்டிவிடும்.

இரண்டாவது, மிக்ஸின்கள் இடப்பக்கம், முக்கியக் கிளாஸ் வலக்கோடி. காவல், சோதனை சம்பந்தப்பட்டவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கட்டும்.

மூன்றாவது, சங்கிலியில் நிற்கும் ஒவ்வொரு கிளாஸும் சூப்பரைக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். சங்கிலியை முடித்துவைக்கும் கிளாஸ் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

நான்காவது, உண்மையிலேயே மரபுரிமை தேவையா என்று ஒரு முறை யோசியுங்கள். கார் என்ஜினின் பிள்ளை அல்ல. காருக்குள் என்ஜின் இருக்கிறது. 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற புகழ்பெற்ற நூல் 1994லேயே, பெற்றோராக்குவதைவிட உள்ளே வைத்துக்கொள்வதையே நாடுங்கள் என்று அறிவுரை கூறியது. ரசீதின் கணக்கைக்கூட முதலில் கழிவு, பிறகு வரி என்று இரண்டு வரியில் வெளிப்படையாக எழுதிவிடலாம்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். வேலை நடக்கிறதா என்று மட்டும் சோதிக்காதீர்கள். நடக்கக் கூடாதது நடக்காமல் இருக்கிறதா என்றும் சோதியுங்கள். எங்கள் தம்பி தம் மறைச்சொல்லைக் கொடுத்துப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்தார். திறந்தது. மகிழ்ச்சியாகப் போய்விட்டார். மறைச்சொல் கொடுக்காமல் பக்கம் திறக்காமல் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. அதைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இது விளையாட்டுக் காரியமும் அல்ல. மற்றவரின் விவரங்களை வாங்கி வைத்திருக்கும் அமைப்புகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் 2012ல் சட்டம் இயற்றப்பட்டு, அதன் பாதுகாப்பு விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஆனால் அந்தத் தாயார் என்னிடம் சட்டம் பேசவில்லை. சலுகை வாங்குவதை நாலு பேருக்குத் தெரியாமல் வைத்திருக்க விரும்பினார். அதை நம்பி எங்களிடம் சொன்னார்.

பிழையைத் திருத்திய மறுநாள் நானும் தம்பியும் உட்கார்ந்து எல்லாப் பெற்றோரையும் ஒவ்வொருவராக அழைத்தோம். என்ன நடந்தது, எத்தனை நாள் திறந்து கிடந்தது, யார் பார்த்தார்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம். முதல் அழைப்பை நான் செய்தேன். இரண்டாவது அழைப்பிலிருந்து, "நான் பேசுறேன் அக்கா" என்று தம்பி வாங்கிக்கொண்டார். சிலர் திட்டினார்கள். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. முதலில் என்னை அழைத்த தாயார் நிறுத்தவில்லை. முகவரியையும் சலுகை விவரத்தையும் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம். அவை மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கே போய்விட்டன.

தம்பி நிரல் எழுதுவதை நிறுத்தவில்லை. இப்போது பக்கத்தில் எதை மாற்றினாலும், மறைச்சொல் இல்லாமல் திறந்து பார்க்கும் சோதனை தானாகவே முதலில் ஓடுகிறது. அது சரியாக இருந்தால்தான் மாற்றம் மேலே போகும். அதை எனக்குக் காட்டியபோது, அவர் எழுதிய வரிசையையும் திரையில் காட்டினார். காவலாளியின் பெயர் வியூவுக்கு முன்னால், இடப்பக்கம் இருந்தது.

அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.